பால் காணுதா?

ஸம்றாவின் கைப்பிள்ளை மின்ஹாவைப் பார்க்க வந்தவர்கள் வேறு எதைக் கேட்க மறந்தாலும் ஒன்றைக் கேட்க மறந்ததில்லை. பேரைக் கேட்பார்கள், மூக்கு யாருடைய மூக்கு என்று ஆராய்வார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, ஏதோ ரகசியம் விசாரிப்பவர்கள் போலக் குரலைத் தாழ்த்தி, "பால் காணுதா?" என்பார்கள்.

முதல் மாதத்தில் ஸம்றா அதைக் கேட்டுச் சிரித்தாள். காணும், பிள்ளைக்குப் போதும், மிஞ்சியும் போகும் என்றாள். மூன்றாம் மாதத்தில் "ஓம்" என்று மட்டும் சொன்னாள். நாலாம் மாதம் பிறந்தபோது அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்கத் தொடங்கியிருந்தாள்.

அவள் வீடு கல்முனைக்குடியில், கடற்கரை வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. முன்வீடு அவளுடைய மூத்த சகோதரி றுஸ்தாவுடையது. பின்வீடு ஸம்றாவின் சீதன வீடு. றுஸ்தாவும் அவளுடைய கணவர் நளீரும் வேளாண்மை செய்து, போகம் போகமாகக் கல் அடுக்கிக் கட்டிக் கொடுத்தது.

றுஸ்தா பதினான்கு வயது மூத்தவள். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அவர்களுடைய உம்மா போய்விட்டார். அப்போது ஸம்றாவுக்கு ஐந்து வயது. றுஸ்தாவின் மூத்த மகன் றுமைஸ் இரண்டு மாதப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் ஒரே பாயில் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் கிடத்திக்கொண்டு படுத்தவள் றுஸ்தா. பிறகு ஸம்றாவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும், மாப்பிள்ளை பார்த்ததும், பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நின்று ஓதியதும் அவள்தான். ஸம்றா "ராத்தா" என்று கூப்பிடும்போது அதற்குள் உம்மா என்ற சொல்லும் கிடந்தது. இருவருக்கும் அது தெரியும். அதைப் பற்றி அவர்கள் கதைத்ததில்லை.

மாப்பிள்ளை இன்பாஸ் நல்ல பிள்ளை. கல்முனை பிரதான வீதியில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தான். காலையில் போனால் இரவு இஷாத் தொழுதுவிட்டுத்தான் வருவான். வந்ததும் கை கால் கழுவி, கண்ணாடி கழற்றிய போனைப் பிடிப்பதுபோல மகளை இரண்டு கையிலும் ஏந்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரம் மின்ஹா அழுது களைத்து, பால் குடித்து, பூப்போலக் கிடப்பாள். அவனுக்குத் தெரிந்த மின்ஹா அந்த மின்ஹாதான்.

ஸம்றாவுக்குத் தெரிந்த மின்ஹா வேறு. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்ன கையோடு அவள் அழத் தொடங்குவாள். பால் கொடுத்தால் கொஞ்சம் குடிப்பாள், உதறுவாள், மறுபடியும் தேடுவாள், மறுபடியும் உதறுவாள். கைமுட்டியை வாய்க்குள் திணித்துச் சப்புவாள். பொழுதுபட்டு மஃரிப் தாண்டியும் அது நிற்காது. இரவிலும் முன்னைவிட அதிகம் எழும்பத் தொடங்கியிருந்தாள். ஸம்றா உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவாள். ஒருநாள் தேத்தண்ணிக்குச் சீனி என்று உப்பைப் போட்டு, அதை முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த அழுகை றுஸ்தாவின் வீட்டுக்கும் கேட்கும். அவளால் இருப்புக்கொள்ள முடியாது. ஒரு பின்னேரம் சின்னக் கோப்பை ஒன்றில் ரஸ்க்கைச் சுடுதண்ணியில் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளைக்குப் பசி என்றாள். நாம் சோறு தின்னும்போது நம்முடைய வாயையே பார்க்கிறாளே, அது எதற்கு என்று கேட்டாள். தன் இளைய பிள்ளைகள் மூன்று பேருக்கும் மூன்று மாதத்தில் வாயில் வைத்ததாகவும், றுமைஸுக்கு முகாமில் இரண்டு மாதத்திலேயே கஞ்சி கொடுத்ததாகவும், அவன் இன்று கதவு நிலையில் தலை முட்ட நடக்கிறான் என்றும் சொன்னாள்.

ஸம்றா பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"மிஸ் வேணாம் எண்டு சொல்லியிரிக்கா ராத்தா. ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும்தானாம். தண்ணியும் குடுக்கப்படாதாம்."

மிஸ் என்றது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சி சுலக்சனாவை. காரைதீவிலிருந்து ஸ்கூட்டரில் வருபவள். ஸம்றா வயிற்றோடு இருந்த காலத்திலிருந்தே வீட்டுக்கு வந்து பார்ப்பவள். அவள் சொன்னதை ஸம்றா பாடம் போல மனதில் வைத்திருந்தாள்.

றுஸ்தா கோப்பையைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"சரிகா. ஒன்ட புள்ள" என்றாள்.

அந்தச் சொல்லில் கோபம் இருக்கவில்லை. அதுதான் ஸம்றாவைக் குத்தியது. றுஸ்தா கிணற்றடியில் கோப்பையைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு ரஸ்க் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அடுத்த கிளினிக்கில் மின்ஹாவின் நிறை கூடித்தான் இருந்தது. ஆனால் முந்தின மாதம் கூடிய அளவுக்குக் கூடவில்லை. அது பரவாயில்லை, எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி ஏறாது என்று சுலக்சனா சொன்னாள். அன்று வரிசை நீளம், வெக்கை வேறு. சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினாள். அடுத்த பிள்ளை மின்ஹாவுக்கு ஒரு கிழமை இளையவன். கையிலும் காலிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. அவனுடைய தாய் ஸம்றாவைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தாள். அன்பாகத்தான் கேட்டாள்.

"ஏன், பால் காணாதா?"

வீட்டுக்கு வந்து கண்ணாடியின் முன் நின்று ஸம்றா தன்னைப் பார்த்தாள். முன்பு கல் மாதிரி கட்டிக்கொண்டு சட்டையை நனைக்கும் மார்பு இப்போது மெத்தென்று இருந்தது. பிள்ளையும் தாயும் பழகிவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வற்றிப்போயிற்று என்றுதான் நினைத்தாள். உம்மா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். ராத்தாவிடம் கேட்கலாம், ஆனால் அன்றைக்கு அவ்வளவு தெளிவாக வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? மிஸ்ஸிடம் கேட்டால், ஒழுங்காகப் பால் கொடுக்கத் தெரியாதவள் என்று நினைப்பாளோ என்று வெட்கமாக இருந்தது. இன்பாஸிடம் ஒருநாள் தொடங்கினாள். அவன் மகளின் காலை முகர்ந்துகொண்டே, "நல்லாத்தானே இரிக்கா" என்றான்.

அடுத்த நாள் பின்னேரம் மின்ஹா வழக்கத்தைவிட அதிகமாக அழுதாள். ஸம்றாவும் கூடச் சேர்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போய், பச்சையரிசியைக் குழைய அவித்து, கடைந்து, வடித்து, சீனி ஒரு கிள்ளுப் போட்டு ஆறவைத்தாள். கரண்டி நுனியால் வாயில் வைத்தாள். மின்ஹா முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு விழுங்கினாள். அன்றிரவு அவள் நீட்டுக்குத் தூங்கினாள். ஸம்றாவும் தூங்கினாள். விடிய எழும்பியபோது உடம்பு புதிதாகக் கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தது. அப்போ பசிதான், இவ்வளவு நாளும் என் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறேன் என்று நினைத்து, தூங்கும் மகளின் நெற்றியை முகர்ந்தாள்.

அதற்குப் பிறகு கஞ்சி வழக்கமானது. காலையில் றுஸ்தா மீன்காரனிடம் நிற்கும் நேரம் பார்த்து அவித்துவிடுவாள். அவித்ததை ஒரு சின்னத் தகரப் பேணியில் ஊற்றி மூடி, அலுமாரிக்குள் துணிகளுக்குப் பின்னால் வைப்பாள். குளிர்சாதனப் பெட்டி முன்வீட்டில்தான் இருந்தது. பின்னேரம் அதையே எடுத்துக் கொடுப்பாள். மறைத்துச் செய்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை அழாமல் கிடந்தது.

கஞ்சியால் வயிறு நிறைந்த பிள்ளை முலையைத் தேடுவது குறைந்தது. தேடாததால் பாலும் உண்மையாகவே குறைந்தது. ஸம்றா நினைத்தது சரிதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். பின்னேரம் பேணியைத் திறந்தபோது மெல்லிய ஒரு புளிப்பு வாடை வந்ததாக ஒரு கணம் தோன்றியது. அலுமாரி வாடையாக இருக்கும் என்று நினைத்தாள். இரவு மின்ஹா வாந்தி எடுத்தாள். விடிவதற்குள் வயிற்றால் போகத் தொடங்கிவிட்டது. காலையில், இன்பாஸ் கடைக்குப் போன பிறகு, பிள்ளை அழவும் தெம்பில்லாமல், உச்சிக்குழி இறங்கிக் கிடந்தாள். ஸம்றா முன்வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கிணற்றடியில் நின்றே "ராத்தா" என்று கத்தினாள். றுஸ்தா புர்காவைப் பாதி மாட்டியபடி ஓடிவந்தாள். றுமைஸ் ஆட்டோவை எடுத்தான்.

ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்டில் அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடி சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் இளம் பொம்பிளை. பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, தாய்ப்பாலைத் தவிர வேறு ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல டொக்டர்" என்றாள் ஸம்றா. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக விழுந்தது.

அந்த நேரம் மின்ஹா இன்னொரு முறை வாந்தி எடுத்தாள். தாதியின் கையிலிருந்த துணியில் வெள்ளை வெள்ளையாக அரிசிக் குருணை. டொக்டர் துணியைப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி ஸம்றாவைப் பார்த்தார். கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த இன்பாஸும் கட்டிலின் மறுபக்கம் நின்று அவளைத்தான் பார்த்தான். ஸம்றா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் குடுத்தன்" என்று றுஸ்தா சொன்னாள். "அவக்கு ஒண்டும் தெரியா. புள்ள அழுதா எண்டு நான்தான் கஞ்சி குடுத்தன்."

டொக்டர் நிறையச் சொன்னார். இந்த வயதுக் குடலுக்கு அது ஆகாது என்றார். பழைய ஆட்கள் கேட்கமாட்டீர்கள் என்றார். றுஸ்தா தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயதுதான்.

இன்பாஸ் சத்தம் போடுகிறவன் இல்லை. றுஸ்தாவை அவன் என்றைக்கும் மரியாதையாகத்தான் நடத்தினான். வார்டுக்கு வெளியே, குரல் உயராமல், "ராத்தா, குறை நினைக்க வேணாம். கொஞ்ச நாளைக்குப் புள்ளய எங்களுக்கிட்ட உட்டுருங்க" என்றான். றுஸ்தா சரி மனே என்றாள். கைப்பையிலிருந்த கழுவிய துணிகளை எடுத்து ஸம்றாவின் கட்டிலில் வைத்துவிட்டு, மின்ஹாவைத் தொடாமல், பார்த்துவிட்டு மட்டும் போனாள். இப்போது சொல்லலாம் என்று ஸம்றா நினைத்தாள். சேலைன் கழற்றிய பிறகு சொல்லலாம், வீட்டுக்குப் போன பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. றுஸ்தா வரவில்லை. சாப்பாடு மட்டும் அவளுடைய கடைசி மகளின் கையில் மூடி வந்தது. கிணற்றடியில் ஸம்றா நிற்கும் நேரம் பார்த்து றுஸ்தா தண்ணி அள்ள வருவதில்லை. பின்னேரங்களில் மின்ஹா அழும்போது முன்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

சுலக்சனா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குச் சேதி போயிருந்தது. திட்டுவாள் என்று ஸம்றா எதிர்பார்த்தாள். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மின்ஹாவை மடியில் போட்டுக்கொண்டாள். ராத்தாவோடு கொஞ்சம் கதைக்கவேண்டும், கூப்பிடுங்கள் என்றாள்.

"ராத்தா இல்ல மிஸ்" என்றாள் ஸம்றா. "நான்தான்."

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. பால் காணுதா என்று கேட்டவர்கள், கொழுத்த பிள்ளையின் தாய், உப்புப் போட்ட தேத்தண்ணி, அலுமாரி, பேணி. சுலக்சனா பிள்ளையின் முதுகைத் தடவியபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"என்னிலயும் பிழை இரிக்கி தங்கச்சி" என்றாள். "ஆறு மாசம், ஆறு மாசம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன். அந்த ஆறு மாசத்த எப்பிடித் தாண்டுற எண்டு ஆருக்கும் சொல்லல்ல."

இந்த வயதில் சில பிள்ளைகள் பொழுதுபடும் நேரம் அழும், அது பசி என்று இல்லை என்றாள். கையைச் சப்புவதும் வாயைப் பார்ப்பதும் வளர்கிற பிள்ளையின் வேலை. நாளுக்குப் பல தரம் சிறுநீர் போகிறாளா, நிறை கொஞ்சமாவது ஏறுகிறதா, அப்படியென்றால் பால் காணும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போனால் அந்த அளவுக்கு ஊற்று ஒன்று அடைபடும். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் திரும்ப ஊறும் என்றாள். ஆனால் தனியாக முடியாது என்றாள். தாய்க்கு நித்திரை வேண்டும், சாப்பாடு வேண்டும், பிள்ளையைத் தூக்கித் திரிய இன்னொரு தோள் வேண்டும்.

"அந்தத் தோள் முன்வீட்டில இரிக்கிதானே" என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினாள்.

அன்று இன்பாஸ் வந்ததும் சோறு போடுவதற்கு முன்பே ஸம்றா சொல்லிவிட்டாள். அவன் கை கழுவிய ஈரத்தோடு நின்றான். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டான். சொன்னேனே, நல்லாத்தானே இருக்கிறா என்றீர்களே என்றாள் அவள். அவன் சாரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ராத்தாவிடம் போவோம், நான் சொன்னதற்கு நானும் வரவேண்டும் என்றான். அவள், முதலில் நான் மட்டும் போகிறேன், நீங்கள் நாளைக்கு வாருங்கள் என்றாள்.

றுஸ்தா குசினியில் துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஸம்றா பிள்ளையோடு வந்து கதவு நிலையில் நின்றதைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. ஸம்றா, அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன் என்றாள். எதற்குச் சொன்னாய் என்றாள் றுஸ்தா.

"நீங்க எதுக்கு ராத்தா அப்பிடிச் சொன்னீங்க?"

துருவலை நின்றது.

"ஒன்ட முகத்தப் பாத்தன்" என்றாள் றுஸ்தா. "முகாமில ஆரோ வெச்ச சீனியக் கள்ளமா அள்ளித் திண்டுட்டு, வாயெல்லாம் சீனியோட நிண்டாயே. அதே முகம். அண்டைக்கும் நான்தான் எடுத்தன் எண்டு சொன்னன்."

ஸம்றாவுக்கு அது நினைவில்லை. அவள் நிலத்தில் குந்தி அழுதாள். மின்ஹா தாயின் மடியிலிருந்து றுஸ்தாவின் துருவலையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

றுஸ்தா மெதுவாகக் கதைத்தாள். கடல் வந்த அன்றோடு தனக்குப் பால் நின்றுவிட்டது என்றாள். பயத்தில் நின்றதோ, பட்டினியில் நின்றதோ தெரியாது. றுமைஸ் கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போனான். பால் வரும், விடாமல் கொடு என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. சமைக்கிற இடத்துக்குப் போய் கஞ்சித் தண்ணி வாங்கி விரலால் தொட்டு வைத்தாள். அவன் விரலைக் கவ்விக்கொண்டான். அன்றைக்குத்தான் இந்தப் பிள்ளை நிற்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"அதுக்குப் பிறகு ஒரு புள்ள அழுதா எனக்கு ஏலா" என்றாள். "வாயில ஏதாவது வெக்காட்டி அது மவுத்தாப் போயிரும் எண்டு நெஞ்சு அடிச்சிக்கும். இப்பயும்தான். அதான் ஜன்னலச் சாத்தினன்."

ஸம்றா எழும்பி, மின்ஹாவை அவள் மடியில் வைத்தாள். றுஸ்தா தேங்காய்ப்பூ ஒட்டிய கைகளை அகல விரித்துக்கொண்டு, கை கழுவவில்லைகா, கை கழுவவில்லைகா என்று சொன்னாள். பிறகு முழங்கையால் அணைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் இன்பாஸ் வந்து மன்னிப்புக் கேட்டான். றுஸ்தா அவனை முடிக்க விடாமல் இடியப்பத்தை முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு பின்னேரங்கள் மாறின. அஸர் பாங்கோடு றுஸ்தா வந்துவிடுவாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வளவைச் சுற்றுவாள். மின்ஹா அழுவாள். அழுதால் கொண்டுவந்து ஸம்றாவிடம் குடிக்கக் கொடுத்து, குடித்து முடிந்ததும் திரும்பவும் தூக்கிக்கொண்டு போவாள். அந்த அழுகையைத் தாங்குவது அவளுக்குத்தான் ஸம்றாவைவிடக் கஷ்டம். நெற்றி வியர்க்க, வாய் ஓயாமல் ஓதிக்கொண்டே நடப்பாள். ஸம்றா பாயில் சரிந்து, அழுகை கிணற்றடிக்குப் போவதையும் மாமரத்தடிக்குத் திரும்புவதையும் கேட்டபடி தூங்கிவிடுவாள். எழும்பினால் சுறாப் புட்டும் முருங்கையிலைச் சுண்டலும் மூடி இருக்கும். சில கிழமைகளில் சட்டை மறுபடியும் நனையத் தொடங்கியது.

ஆறு மாதம் நிறைந்த அன்று றுஸ்தா விடியவே எழும்பி, கைக்குத்தரிசியும் பருப்பும் போட்டுக் குழைத்து, சுலக்சனா சொன்ன பதத்தில் கடைந்து, புதுக் கோப்பையில் கொண்டுவந்தாள். நளீர் வயல் வட்டைக்குப் போகாமல் நின்றார், இன்பாஸ் கடை திறக்கவில்லை. பிஸ்மி சொல்லி முதல் கரண்டியை றுஸ்தாவையே கொடுக்கச் சொன்னாள் ஸம்றா. மின்ஹா வாயை நன்றாகத் திறந்து வாங்கி, ஒரு கணம் யோசித்து, மொத்தத்தையும் றுஸ்தாவின் கன்னத்தில் துப்பினாள். இரண்டாம் கரண்டியையும் துப்பினாள். மூன்றாவதற்கு வாயையே திறக்கவில்லை. தாயின் பக்கம் திரும்பிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஸம்றா சிரித்துச் சிரித்து இருமினாள். றுஸ்தா கன்னத்தில் வழிந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுப் பார்த்து, உப்பில்லாவிட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாளைக்குப் பூசணிக்காய் அவித்துப் பார்ப்போம் என்று கோப்பையை மூடினாள்.